அறுநூற்று நாற்பது பேருக்கு ஓட்கேக்

லோயிஸ் ஹீத் மழையில் ஓடினாள்… குடையில்லை, கோட்டில்லை, கையில் முன்பின் தெரியாத ஒருவனின் அடையாள அட்டை.

அட்டையிலிருந்த படத்தில் அவன் கண்களை மூடியிருந்தான். படமெடுத்த நொடி பார்த்து இமைத்திருக்கிறான். பெயர் ரீஸ் ப்ளூர். படிப்பு சைபர் பாதுகாப்பு, முதலாண்டுக்கு முந்தைய ஆயத்த ஆண்டு.

ஐந்து நிமிடம் முன்னால் பல்கலைக்கழக நூலகத்துக் காப்பிக் கடையில் அவன் அவளுக்கு அடுத்த மேசையில் இருந்தான். சீஸ் வைத்த ஓட்கேக் ஒன்றை, விரல்களில் பிரவுன் சாஸ் வழிய வழியத் தின்றான். ஓட்கேக் என்றால் இனிப்பு இல்லை. ஓட்ஸ் மாவைக் கல்லில் வார்த்து மடித்துத் தருவது, தோசைக்குத் தூரத்துச் சொந்தம். தின்று முடித்ததும் தட்டைக் கவிழ்த்து, அடியிலிருந்த முத்திரையைப் பார்த்தான். திருப்தியாகத் தலையசைத்தான். அட்டையை மேசையிலேயே மறந்துவிட்டுக் கிளம்பிப் போனான்.

லாங்டனில் தட்டைக் கவிழ்த்துப் பார்ப்பவனை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. ஊரில் பாதிப் பேர் பீங்கான் ஆலைக் குடும்பம். எந்த ஆலைத் தட்டு என்று தெரியாவிட்டால் இவர்களுக்கு உண்டது செரிக்காது. பிளிமத்திலிருந்து படிக்க வந்து இரண்டாம் வருடத்தில் இருக்கும் லோயிஸுக்கு மட்டும் இன்னும் சிரிப்பு வரும். இன்றும் வந்தது. சிரித்துக்கொண்டே திரும்பியபோதுதான் அட்டை கண்ணில் பட்டது.

பஸ் நிறுத்தத்தில் மூன்று முதியவர்களும் ஒரு நாயும் இருந்தார்கள். எவரும் கண்ணை மூடியிருக்கவில்லை.

"யாரைத் தேடறே, டக்?" என்றார் ஒருவர். லாங்டனில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் எல்லோருக்கும் டக். வாத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"தூக்கத்துல நடக்கற ஒருத்தரை," என்றாள் லோயிஸ், மூச்சு வாங்க.

தேடப்பட்டவன் அந்நேரம் நூலகத்துக்குள் காய்ந்த சட்டையோடு நின்றுகொண்டிருந்தான்.

பாதி வழியில் அட்டை ஞாபகம் வந்து, குடையோடு கிளம்பியிருந்த ரீஸ் பக்கவாட்டுக் கதவு வழியாகத் திரும்பியிருந்தான். அட்டை இல்லாமல் கதவு திறக்காது. ஆனால் வகுப்புத் தோழர் கேரி அப்போதுதான் தன் அட்டையைக் காட்டி உள்ளே நுழைந்தார். அவருடைய அகலமான முதுகுக்குப் பின்னால் ரீஸும் நுழைந்துவிட்டான். முன்னால் போகிறவரின் முதுகைப் பிடித்து உள்ளே நுழையும் திருடர்களைப் பற்றிப் போன வாரம்தான் பாடம் நடந்தது. இருவரும் குறிப்பெடுத்திருந்தார்கள்.

மேசையில் அட்டை இல்லை. பக்கத்து மேசையில் ஒரு மடிக்கணினி இருந்தது. மூடியின் மேல் மஞ்சள் பூட்டு ஒட்டுப்படம், முதல் வாரம் துறையில் கொடுத்தது. ஆள் இல்லை. திரை பூட்டப்படவில்லை…

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. திரையைப் பூட்டாமல் எவராவது எழுந்து போனால், பார்க்கிறவர் அந்த ஆள் பெயரிலேயே வகுப்புக்கு ஒரு மெயில் தட்டிவிடுவார்: 'நாளை எல்லோருக்கும் டோனட் நான் வாங்கி வருகிறேன்.' மாலைக்குள் தட்டினவர் 'நான்தான்' என்று சொல்லிவிட வேண்டும். மறதிக்காரர் மறுநாள் வாங்கிவர வேண்டும். இது தவறு என்று ஆசிரியர்கள் கண்டிப்பார்கள், டோனட்டைத் தின்றுகொண்டே.

ரீஸ் தட்டினான். உள்ளூர்க்காரன் என்பதால் டோனட்டை மாற்றினான். 'நாளை காலை பத்து மணிக்கு எல்லாருக்கும் ஓட்கேக் நான் வாங்கிட்டு வரேன். சீஸா பேக்கனான்னு சொல்லுங்க, டக்ஸ்.' பெறுநர் இடத்தில் 'சைபர்' என்று தொடங்கிய முதல் பட்டியலைச் சொடுக்கினான். தங்கள் வகுப்பு, இருபத்திரண்டு பேர்.

தட்டையெல்லாம் கவிழ்த்துப் பார்க்கிறவன், பட்டியலின் முழுப்பெயரை மட்டும் பார்க்கவில்லை.

கதவு திறந்தது. மழை உள்ளே வந்தது… மழையோடு அவள் வந்தாள்.

நெற்றி முடியிலிருந்து ஒரு துளி இறங்கி, புருவத்தில் தயங்கி, இமை நுனியில் வந்து நின்றது. அந்தத் துளிக்குப் பின்னால் இரண்டு கண்கள்… மழைக்கு முந்திய கடலின் சாம்பல் நிறம். ரீஸ் கடலை மூன்று முறைதான் பார்த்திருக்கிறான். இருந்தாலும் கடல்தான் என்று உறுதியாகத் தோன்றியது.

"இது உங்களோடதா?" அட்டையை நீட்டினாள்.

"ஆமா… எங்க கிடைச்சுது?"

"மேசையில. கொடுக்கலாம்னு பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடினேன். நீங்கதான் அங்க இல்ல."

"நான் சைடு கதவு வழியா திரும்பி வந்துட்டேனே…"

"தெரியுது. காய்ஞ்சு நிக்கறீங்க." அவனையும் அட்டைப் படத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். "கண்ணைத் திறந்தா வேற ஆள் மாதிரி இருக்கு."

"நல்லா இருக்கா, மோசமா இருக்கா?"

"திறந்து இருக்கு. இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்."

ரீஸ் சிரித்தான். சிரித்த பிறகுதான் இந்த முகத்தைத் தினமும் பார்க்கிறோம் என்று உறைத்தது. துறையின் எல்லா மாடிப்படிகளிலும் ஒட்டியிருக்கும் சுவரொட்டி முகம். விழிப்புணர்வுக் குழுத் தலைவி. படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் 'எழுந்தால் பூட்டு.'

அவள் போய் உட்கார்ந்தாள். எந்த மேசையில் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரீஸ் நன்றிக்காக ஒரு கோப்பை டீ வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் மேசைக்குப் போனான். இப்போதே சொல்லிவிடலாம்… சிரித்துக்கொண்டே சொன்னால் அவளும் சிரிப்பாள்…

"ஐயோ," என்றாள் லோயிஸ்.

திரையில் பதில்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன. 'சீஸ் மட்டும்.' 'நான் சைவம், காளான் உண்டா?' 'எனக்கு ரெண்டு.' துறைத் தலைவரும் பேக்கன் கேட்டிருந்தார். வகுப்பின் பட்டியல் அல்ல அது, துறையின் பட்டியல். மாணவர்கள், ஆசிரியர்கள், வேலைப் பயிற்சி கொடுக்கும் நிறுவனத்தார் என்று அறுநூற்று நாற்பது பேர்.

அவள் திரையைப் பார்த்தாள். விசைப்பலகையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து ரீஸைப் பார்த்தாள்… ஒரு நொடி. நீளமான நொடி. அப்புறம் டிஷ்யூ ஒன்றை எடுத்து விசைப்பலகையை மெதுவாகத் துடைத்தாள். முடியிலிருந்து சொட்டிய தண்ணீர் என்று நினைத்தான் ரீஸ். அந்தப் பார்வையைப் பற்றி வேறு மாதிரி நினைத்தான். நினைத்ததில் சொல்ல வந்தது மறந்துபோனது.

"யாரோ வேலை காட்டிட்டாங்க," என்றாள். "எனக்கு ஓட்கேக் கடைகூடத் தெரியாது. என்ன பண்றது?"

"எங்க அக்கா கடை வெச்சிருக்கா," என்றான் ரீஸ். குரல் கொஞ்சம் மெலிந்து வந்தது.

"அப்ப நீங்கதான் என்னைக் காப்பாத்தணும்." கண்களில் என்னவோ மின்னியது. மழையாக இருக்கலாம்.

மார்னியின் கடை ஒரு வீட்டின் முன் ஜன்னல். ஜன்னலுக்கு உள்ளே அவளும் கல்லும், வெளியே வரிசை. மறுநாள் காலை ஐந்தரைக்குத் தம்பியைப் பார்த்ததும் அவள் கரண்டியை உயர்த்தினாள்.

"எத்தனைடா?"

"இருநூத்திப் பன்னெண்டு. மத்தவங்க பதில் போடல."

"போடாதவங்க நல்லா இருக்கணும். இந்தப் பொண்ணு யாரு?"

"மெயில் அனுப்பினவங்க," என்றாள் லோயிஸ். "அதாவது, அனுப்பாதவங்க."

மார்னி இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். "இதுக்குப் பதிலா ஞாயித்துக்கிழமைதோறும் நீ வந்து கல்லுல நிக்கணும், ரீஸ். கிறிஸ்துமஸ் வரைக்கும்னு நெனக்காதே, ஈஸ்டர் வரைக்கும்."

லோயிஸ் வார்த்த முதல் ஓட்கேக் இரண்டாகக் கிழிந்தது. இரண்டாவது மடிந்து ஒட்டிக்கொண்டது. மூன்றாவது வட்டம் என்ற வடிவத்தையே அவமதித்தது.

"ஓரத்துலேர்ந்து தூக்கு… தூக்குங்க," என்றான் ரீஸ்.

"தூக்குன்னே சொல்லு. கைல மாவு இருக்கறப்ப மரியாதை எதுக்கு?"

"சரி… தூக்கு. மெதுவா. இப்ப திருப்பு."

திருப்பினாள். அது முழுசாக வந்தது. அவள் முகத்தில் அடுப்பின் சிவப்பும் வெற்றியின் சிவப்பும் ஒன்றாக ஏறின. ஜன்னலுக்கு வெளியே மழை சன்னமாகப் பெய்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்றது ரீஸின் மனசு… சட்டைப்பையில் இருந்த காகிதம் சொல்லாதே என்றது.

அந்தக் காகிதம் செப்டம்பரில் எல்லோரும் கையெழுத்திட்ட விதித்தாள். 'பிறர் கணினியை அனுமதியின்றித் தொடும் ஆயத்த ஆண்டு மாணவர் முதலாண்டுக்குச் செல்ல இயலாது.' நேற்று மாலை அறைக்குப் போனதும் எடுத்துப் படித்தான். டோனட் வழக்கத்தில் மாட்டியவர் யாருமில்லை என்பது உண்மை. ஆனால் டோனட் இருபது பேரோடு முடிந்துவிடும். இது வெளி நிறுவனங்கள் வரை போயிருந்தது.

ரீஸுக்கு இந்த ஆயத்த ஆண்டு ஒன்றுதான் கதவு. பதினெட்டு வயதில் தேர்வுகளில் கவிழ்ந்து, மூன்று வருடம் ஓட்டுத் தொழிற்சாலையில் பெட்டி கட்டினான். நேர்முகத்தில் 'பாதுகாப்பு என்றால் என்ன?' என்று கேட்டார்கள். அவன் மேசையிலிருந்த டீத் தட்டைக் கவிழ்த்து, "எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாக்கறது," என்றான். அந்த ஒரு பதிலுக்கு இடம் கிடைத்தது. மேல் வகுப்பு மாணவர்கள் ஆயத்த ஆண்டுக்காரர்களை ஜீரோ என்று கூப்பிடுவார்கள். ஜீரோவிலிருந்து ஒன்றுக்குப் போகத்தான் அவன் இந்தப் பாடு படுகிறான்.

அன்று மாலை வரை யாரும் 'நான்தான்' என்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பாலின் சால்ட் ஆயத்த ஆண்டு வகுப்புக்குள் நுழைந்தார். இருபது வருடம் ஒரு வங்கியில் திருட்டைத் தடுத்துவிட்டு, மனிதர்கள்மேல் இருந்த நம்பிக்கை தீர்ந்ததும் கற்பிக்க வந்தவர். இங்கே ஆசிரியர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் பாலினைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதும் எல்லோரும் சற்று எழுந்து நிற்பது போலவே இருக்கும்.

"ஓட்கேக் நல்லா இருந்துச்சு," என்றார். "அது யார் அனுப்பினதுன்னு இன்னும் தெரியல. விளையாட்டுன்னா ஆள் வந்து சொல்லியிருக்கும். சொல்லாததால இது அத்துமீறல். சம்பவம் எண் பதினாலு. இதை நீங்கதான் விசாரிக்கப் போறீங்க. வர்ற வியாழக்கிழமை அறிக்கை. ஆயத்த ஆண்டு மதிப்பெண்ல பாதி இதுதான்."

"பாதிக்கப்பட்டவங்களுக்கு என்ன ஆகும், பாலின்?" என்று ரீஸ் கேட்டான்.

"லோயிஸோட கணக்கை முடக்கியாச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்கு பர்மிங்ஹாம்ல வேலைப் பயிற்சி நேர்முகம். ஒரு வருஷப் பயிற்சி. அந்தக் கம்பெனிக்காரங்களுக்கும் ஓட்கேக் மெயில் போயிருக்கு. சம்பவம் மூடாம அவளை எடுக்க மாட்டோம்னு எழுதிட்டாங்க."

கேரி கையைத் தூக்கினார். நாற்பத்தாறு வயது, இருபது வருடம் லாரி ஓட்டியவர். வகுப்பில் இவருக்குத்தான் உற்சாகம் அதிகம்.

"நான் தலைமை விசாரணை. ரீஸ், நீ நல்லா எழுதுவே. நீதான் அறிக்கை, டக்."

இப்படியாகக் குற்றவாளியே தன்னைப் பற்றிய அறிக்கையை எழுதும் பொறுப்புக்கு ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டான்.

விசாரணை வேகமாக நடந்தது. தவறான திசையில். மெயில் போன நேரம் இரண்டு பதிமூன்று. கதவுப் பதிவில் ரீஸின் அட்டை உள்ளே வந்தது இரண்டு பதினேழு. லோயிஸின் வாக்குமூலம் அதையும் விளக்கியது: அவளுடைய அட்டை மேசையில் இருந்ததால், ரீஸின் அட்டையைக் காட்டித்தான் உள்ளே வந்தாள். அது விதிமீறல் என்பதால் மன்னிப்பும் கேட்டு எழுதியிருந்தாள். அதைப் படித்தபோது ரீஸுக்குக் காது சுட்டது.

"மெயில் போறப்ப உன் அட்டை அவ கைல, அவ மழைல. அட்டை இல்லாம நீ எப்படி உள்ள வருவே? லிஸ்ட்லயே நீ இல்ல," என்றார் கேரி. பலகையில் ரீஸ் பெயரை அழித்தார். பிறகு பக்கவாட்டுக் கதவின் பதிவைப் பார்த்தார். இரண்டு பதினொன்றுக்கு ஒரே ஓர் ஆள் வந்திருந்தார். கேரி.

வெகுநேரம் பலகையைப் பார்த்தார். தன் பெயரை எழுதினார். வட்டம் போட்டார்.

"ஓட்கேக் பிடிக்கும். உள்ளூர். 'டக்'னு எழுதுவேன்…" என்றார் கலங்கிய குரலில். "ரீஸ், ஒருவேளை நான்தானோ?"

ஞாயிற்றுக்கிழமை ரீஸ் கல்லில் நின்றான். வரிசை தீர்ந்த நேரம் லோயிஸ் வந்தாள். ஈரக் குடையை மடக்கி ஜன்னலோரம் சாய்த்தாள். மார்னி உள்ளே மாவு கரைக்கப் போய்விட்டாள், தேவைக்கு மேல் சத்தமாகக் கதவைச் சாத்தி.

"விசாரணை எப்படிப் போகுது?"

"கேரி தன்னையே சந்தேகப்படறார். அவருக்கே அவர் மூணு கேள்வி கேட்டார். பதில் திருப்தியா இல்லையாம்."

அவள் சிரித்தாள். சிரிப்பு அடங்கியது. ஜன்னல் சட்டத்தில் கை ஊன்றி, அவனை நேராகப் பார்த்தாள். அதே கண்கள்… அதே சாம்பல் கடல். இந்த முறை அலை எதுவும் இல்லை. காத்திருக்கிற கடல்.

"ரீஸ்… என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

கல்லில் ஓட்கேக் பொசுங்கத் தொடங்கியது. சொன்னால் படிப்பு போகும். படிப்பு போனால் பெட்டி கட்டப் போக வேண்டும். அதைவிட… இந்தக் கண்கள் தன்னை ஒரு திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கும்.

"ஒண்ணுமில்ல," என்றான்.

"ஒண்ணுமேயில்ல?"

"சீஸ் போடவா?"

அவள் குடையை எடுத்தாள். "வேணாம் மிஸ்டர் ப்ளூர். எனக்குப் பசியில்ல."

தெருவின் திருப்பம் வரை அவள் குடையை விரிக்கவேயில்லை. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். கதவைத் திறந்த மார்னி கல்லைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"ரெண்டுமே கருகிடுச்சு," என்றாள்.

திங்கள், செவ்வாய், புதன். மாடிப்படியில் லோயிஸ் எதிரே வந்தால் சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டு போனாள், தன் முகத்தையே இதுவரை பார்த்திராதவள்போல. நேர்முகத்துக்கு அவள் தயாராவதை நிறுத்திவிட்டதாகக் கேரி தகவல் கொண்டுவந்தார். "போய் என்ன சொல்லப் போறேன்னு கேட்டா, பாவம்," என்றார். "நானே ஒத்துக்கலாமான்னு பாக்கறேன், டக். எனக்கு வயசாச்சு. அந்தப் பொண்ணுக்கு வாழ்க்கை இருக்கு."

அன்று மாலை ரீஸ் அறிக்கையைக் கிழித்தான். புதிதாக எழுதினான். மூன்று பக்கம் இருந்தது ஒன்றரைப் பக்கமானது. உண்மைக்கு இடம் குறைவாகத்தான் தேவைப்பட்டது.

வியாழன் காலை வகுப்பறை நிறைந்திருந்தது. பின்வரிசையில் லோயிஸ், கைகளைக் கட்டிக்கொண்டு. முன்வரிசையில் பாலின், பேனாவைத் திறந்துகொண்டு. வெளியே மழை. லாங்டனில் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டியதில்லை.

ரீஸ் படித்தான்.

"சம்பவம் எண் பதினான்கு. நேரம், பிற்பகல் இரண்டு பதிமூன்று. இடம், நூலகத்துக் காப்பிக் கடை. மெயிலை அனுப்பியவர், ரீஸ் ப்ளூர், ஆயத்த ஆண்டு."

கேரியின் வாய் திறந்து அப்படியே நின்றது.

"செய்தவர் கதவைத் தன் அட்டையால் திறக்கவில்லை. கேரியின் பின்னால் நுழைந்தார். கேரிக்குத் தெரியாது. பட்டியலின் முழுப்பெயரைப் படிக்காமல் சொடுக்கினார். கணினி யாருடையது என்று நான்கு நிமிடத்தில் தெரிந்துகொண்டார். அந்த நான்கு நிமிடமும் அதன் உரிமையாளர் இவருடைய அட்டையைக் கொடுப்பதற்காக மழையில் ஓடிக்கொண்டிருந்தார். தெரிந்தபின் ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. முதல் நான்கு நிமிடம் விளையாட்டு. ஒன்பது நாள் கோழைத்தனம். பாதிப்பு: ஒன்று, அறுநூற்று நாற்பது மெயில்கள். இரண்டு, ஒருவருடைய நேர்முகம்."

மூன்றாவது ஒன்றும் இருந்தது. ரீஸ் அதைப் பார்த்தான்… விழுங்கிக்கொண்டு தாளை மடித்தான்.

பாலின் பேனாவை மூடினார். "ஆதாரம்?"

"நான்தான் சொல்றேனே…"

"சொல்றது ஆதாரம் இல்ல. கதவுப் பதிவு நீ அங்க இல்லேங்குது. பக்கவாட்டுக் கதவுல ஒரே ஆள்தான். லோயிஸோட வாக்குமூலம்கூட உனக்குச் சாதகமாத்தான் இருக்கு. யாரோ ஒருத்தருக்காக நீ பழியை ஏத்துக்கற மாதிரி தெரியுது."

"காதல்ல பேசறான், பாலின்," என்றார் கேரி இரக்கத்தோடு. "விட்டுருங்க."

ரீஸ் தவித்துப்போனான். எட்டு நாள் பொய்யை எல்லோரும் நம்பினார்கள். ஒன்பதாம் நாள் உண்மையை ஒருவரும் நம்பவில்லை.

பின்வரிசையில் நாற்காலி கிரீச்சிட்டது.

"ஆதாரம் இருந்துச்சு," என்றாள் லோயிஸ். எழுந்து நின்றாள். கன்னம் மெல்லச் சிவந்தது. "என் ஸ்பேஸ் பார்ல பிரவுன் சாஸ் இருந்துச்சு. கட்டைவிரல் அளவுக்கு. அன்னிக்கு அந்தக் கடையில பிரவுன் சாஸ் தின்னது ஒரே ஒருத்தர்தான். அவர் கைல டீயோட எதிர்ல நின்னார்."

"அந்த சாஸ் எங்கே?" என்றார் பாலின்.

"நான்தான் தொடச்சேன்."

"ஆதாரத்தை அழிச்சே."

"ஆமா. முதல் நாள் விளையாட்டுக்கு… எப்ப சொல்றார்னு பாக்கலாம்னு. வெள்ளிக்கிழமை கேஸ் ஆனப்புறம் என்னால சொல்ல முடியல. சொன்னா அவரை அனுப்பிடுவாங்க. அவரா வந்து சொல்வார்னு இருந்தேன்." அவள் ரீஸைப் பார்க்கவில்லை. "ஞாயித்துக்கிழமை வாய்ப்புகூடக் கொடுத்தேன். சீஸ் போடவான்னு கேட்டார்."

வகுப்பு சிரித்தது. ரீஸ் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்… அந்த நீளமான நொடி, அந்த டிஷ்யூ, அந்தப் பார்வை. எல்லாம் தலைகீழாகத் திரும்பி அடியிலிருந்த முத்திரையைக் காட்டின.

"சம்பவம் மூடப்பட்டது," என்றார் பாலின். "பர்மிங்ஹாமுக்கு நான் இப்பவே எழுதறேன், லோயிஸ். நாளைக்குப் போ. நீ தொடச்சதைப் பத்தி நாம தனியாப் பேசணும். ரீஸ், விதித்தாள் வெச்சிருக்கியா?"

சட்டைப்பையிலிருந்து எடுத்தான். மடிப்புகளில் கிழிந்திருந்தது. "படிச்சேன், பாலின். முதலாண்டுக்குப் போக முடியாது. தெரியும்."

"பின்பக்கம் படி."

அவன் தாளைத் திருப்பினான். அச்சு மங்கலாக இருந்தது. 'விசாரணை முடிவதற்குள் தாமே முன்வந்து தெரிவிப்பவருக்கு மேற்கண்ட தடை பொருந்தாது. எழுத்து வழி எச்சரிக்கை மட்டும்.'

"ஊர்ல எவன் வீட்டுக்குப் போனாலும் தட்டைக் கவிழ்த்துப் பாக்கறீங்க," என்றார் பாலின். "ஒரு காகிதத்தைத் திருப்பிப் பாக்க மாட்டேங்கறீங்க. நாலு வருஷமா அந்தப் பக்கத்தை யாராவது படிப்பாங்களான்னு காத்துட்டிருக்கேன்." வாசலில் நின்று திரும்பினார். "சுவரொட்டியையும் மாத்தணும். இனிமே உன் படம். அட்டையில இருக்கறதே போதும்."

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. அதே காப்பிக் கடை. பர்மிங்ஹாமிலிருந்து ரயிலில் வந்த லோயிஸ் இன்னும் நேர்முகத்துக் கோட்டோடு இருந்தாள். எதிரே ரீஸ். நடுவில் இரண்டு தட்டும், அவளுடைய மடிக்கணினியும்.

"எப்படிப் போச்சு?"

"எடுத்துக்கிட்டாங்க. முதல் கேள்வியே, ஓட்கேக் அவங்களுக்கு ஏன் வரலன்னுதான்."

"மார்னிகிட்ட சொல்றேன்…" ரீஸ் கோப்பையைச் சுற்றினான். "சாரி லோயிஸ். அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்." அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். அவனுடைய அறிக்கை. "பாலின் அனுப்பினாங்க. பாதிப்புல மூணாவது ஒண்ணு இருக்கே. அதை ஏன் படிக்காம விட்டே?"

ரீஸுக்கு அந்த வரி மனப்பாடம். 'மூன்று, செய்தவர் ஒன்பது நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. காரணம் குற்ற உணர்ச்சி மட்டும் அல்ல.'

"குற்ற உணர்ச்சி மட்டும் இல்லன்னா…" அவள் குரல் தாழ்ந்தது. "வேற என்ன?"

கேட்டுவிட்டு அவனைப் பார்க்க முடியாமல், கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பதுபோல, தன் தட்டைக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள். பிளிமத்துக்காரி. அதைப் பார்த்ததும் ரீஸுக்குத் தைரியம் வந்தது.

"நீ பஸ் ஸ்டாப் வரைக்கும் நனைஞ்சுட்டே ஓடினே. நான் உள்ள உக்காந்து உன் பேர்ல மெயில் அனுப்பிட்டிருந்தேன். அன்னியிலேர்ந்து மழை பெஞ்சா எனக்கு நெஞ்சு வலிக்குது. இந்த ஊர்ல தினமும் மழை பெய்யுது, லோயிஸ்." மூச்சை இழுத்துக்கொண்டான். "உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்ப… இதுக்கும் ஆதாரம் கேட்டா என்கிட்ட இல்ல."

அவள் நிமிர்ந்தாள். சாம்பல் கடலில் முதல் முறையாக வெயில்.

"ஆதாரம் வேணாம். தானா முன்வந்து சொன்னாப் போதும். பின்பக்கத்துல அப்படித்தானே போட்டிருக்கு?"

"உன் பக்கம்?"

"நான் ஆதாரத்தையே அழிச்சவ. இன்னும் என்ன சொல்லணும்?" அவள் எழுந்து கையை நீட்டினாள். "வா, டக். மழை விடறதுக்குள்ள போலாம்."

"விட்டப்புறம்தானே போகணும்?"

"போன தடவை நான் தனியா நனைஞ்சேன்."

அவன் கழுத்தில் அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்தான். கதவை நோக்கி நான்கு அடி நடந்திருப்பார்கள். லோயிஸ் சட்டென்று நின்றாள். கையை விடுவித்துக்கொண்டு மேசைக்கு ஓடினாள். இரண்டு விசைகளை அழுத்தினாள். திரை இருண்டு பூட்டிக்கொண்டது.

திரும்பி வந்து, விட்ட இடத்திலேயே கையை மறுபடி வைத்தாள்.